சரிந்த கூடு

இரவெல்லாம் அடித்த காற்றில் கூடு சரிந்துவிட்டிருந்தது. மேய்ச்சல் நிலத்தின் நடுவே நின்ற ஒற்றைப் பாப்ளர் மரத்தடியில் பிக்கப் வண்டியை நிறுத்திவிட்டு டாரியாவும் கார்னெட்டும் இறங்கினார்கள். பருந்துகள் பல வருஷமாகக் கட்டிப் பெருக்கிய கூடு அது. இந்த வருஷம் அவை தெற்கிலிருந்து திரும்புவதற்குள் ஒரு கொம்பன் ஆந்தை அதில் ஏறி உட்கார்ந்துகொண்டது. ஞாயிறு தவறாமல் இருவரும் வந்து, வண்டிக்குள்ளேயே காபி குடித்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இப்போது முட்டைகள் உடைந்து புல்லில் உறைந்திருந்தன. ஆந்தையைக் காணோம்.

கார்னெட் பூட்ஸ் காலால் குவியலைக் கிளறினான். சுள்ளி, முள்கம்பி, வைக்கோல் கட்டும் கயிறு, மாட்டு விலா எலும்பு.

“நம்ம ஷெட்டுல கூட இவ்ளோ சாமான் இல்ல, டாரி.”

அவள் சிரிக்கவில்லை. குனிந்து ஒரு துணியை இழுத்தாள். கம்பளிச் சட்டையின் ஒரு கை. வெயிலில் நிறம் போயிருந்தது. முழங்கையில் பச்சை நூலால் தைத்த ஒட்டு. கறுப்பு நூல் தீர்ந்துபோன அன்று அவள் தைத்தது. “மாடு பாத்தா புல்லுன்னு மேஞ்சுடும்டி” என்று கேலி செய்துகொண்டேதான் ஓரெஸ்ட் அதைப் போட்டுக்கொண்டான்.

ஓரெஸ்ட் அவளுடைய முதல் கணவன். பனிப்புயல் அடித்த ஒரு நாளில் சண்டை போட்டுக்கொண்டு, கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனவன். அவன் வண்டி நெடுஞ்சாலை ஓரத்தில் கிடைத்தது, அவன் கிடைக்கவில்லை. யாருடைய லாரியிலோ ஏறி ஆல்பர்ட்டா எண்ணெய் வயலுக்குப் போய்விட்டான், அங்கே ஒருத்தி இருக்கிறாள் என்று ஊர் பேசியது. அவளும் நம்பினாள். ஈஸ்டருக்கு அவன் அம்மா கொடுத்தனுப்பிய ரொட்டியைத் திருப்பி அனுப்பினாள். இத்தனை வருஷமும் அவனை வெறுத்தாள். அந்த வெறுப்பு இருந்ததால்தான் கார்னெட்டை வீட்டுக்குள் விட முடிந்தது.

கார்னெட் அந்தத் தையலைப் பார்த்தான். அவன் கோட்டிலும் அவள் போட்ட அதே தையல்தான் இருந்தது.

“பழைய சட்டையா இருக்கும். நீ எப்பவாவது தூக்கிப் போட்டிருப்ப.”

“அன்னிக்குப் போட்டுட்டுப் போனது.” அவள் அந்த ஒட்டைத் தடவினாள். “அவன் எங்கயும் போகல, கார்னெட். இங்கதான் எங்கயோ கெடக்கான். நாம இங்க ஒக்காந்து காபி குடிச்சிட்டிருந்திருக்கோம்.”

காற்று புல்லைப் படியப்படிய வாரிக்கொண்டு போயிற்று. நாலு திசையிலும் வெறும் நிலம். கார்னெட்டுக்கு ஏதோ கேட்க வேண்டும்போல் இருந்தது. கேட்கப் பயமாகவும் இருந்தது.

“கெடச்சா என்ன பண்ணுவ?”

“அழுவேன். அவனுக்காக ஒருதடவகூட அழல.”

மேலே பருந்து கூவியது. ஜோடியாக வந்திருந்தன. ஒன்று மரத்தில் அமர்ந்து வெறும் கிளையைப் பார்த்தது. மற்றது தாழப் பறந்து தெற்கே போயிற்று. கார்னெட் வண்டியிலிருந்து பைனாகுலரை எடுத்துவந்தான். அவளிடம் தரவில்லை, தானே கண்ணில் வைத்துக்கொண்டான்.

“திரும்பக் கட்டப் போகுதுங்க,” என்றான். “எங்கேருந்து பொறுக்குதுன்னு பாக்குறேன். அந்தத் துணியும் அங்கேருந்துதான் வந்திருக்கும்.”

பருந்து தூரத்து ஓடைப்பள்ளத்தில், இன்னும் பனி உருகாத நிழலில் இறங்கி மறைந்தது. டாரியா மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். நெடுநேரம் கழித்து அது மேலெழுந்து, காற்றை எதிர்த்து மெல்ல மெல்ல இவர்களை நோக்கி வந்தது. அதன் கால்களில் வெளுப்பாக, நீளமாக ஏதோ தொங்கியது.