பின் சக்கரம்

கட்டிலுக்கு அடியில் தலையை விட்டு அவள் எதைத் தேடிக்கொண்டிருக்கிறாள் என்று யாருக்கும் புரியவில்லை. கூடத்தில் அவள் கணவரைக் கிடத்தியிருந்தார்கள். வந்தவர்கள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அவளைப் பார்க்கத் திரும்பினால், படுக்கையறை வாசல் வழியாக அவளுடைய இரண்டு பாதங்கள்தான் தெரிந்தன.

“ஏம்மா, என்னத்த தேடுற? எழுந்து வா. ஆளுங்க வந்திருக்காங்க” என்றார் பெரிய நாத்தனார்.

“ஒரு குண்டு அண்ணி. சைக்கிள் பால்ரஸ் குண்டு. உருண்டு கிடந்து யாராவது மிதிச்சா வழுக்கி விழுந்துடுவாங்க.”

நாத்தனார் வெளியே போய், தம்பி பொண்டாட்டிக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று யாரிடமோ முணுமுணுத்தது அவள் காதில் விழுந்தது. புத்தியெல்லாம் அதனதன் இடத்தில்தான் இருந்தது. அந்த ஒரு குண்டைத்தான் காணவில்லை.

சைக்கிள் மூலையில் தலைகீழாக நின்றது. பின் சக்கரம் தனியாகக் கழன்று சுவரில் சாய்ந்திருந்தது. பக்கத்தில், விருந்தாளிகளுக்கென்று அவள் எடுத்து வைத்திருந்த நல்ல பீங்கான் தட்டில், கறுத்துப்போன மண்ணெண்ணெயில் குண்டுகள் ஊறின. சக்கர அச்சில் பக்கத்துக்கு ஒன்பது இருக்க வேண்டும். ஒரு பக்கம் சரியாக இருந்தது. மறு பக்கம் எட்டுதான். காலையிலிருந்து எத்தனை முறை எண்ணினாலும் எட்டுதான்.

இந்தச் சைக்கிளால்தான் நேற்று வீட்டில் ரகளை.

அவளோடு சேர்த்து எட்டுப் பெண்கள் ஞாயிறுதோறும் சைக்கிள் ஓட்டுவார்கள். எல்லோரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். பல் டாக்டர் ஒருத்திதான் எல்லோருக்கும் கேப்டன். நூலகத்தில் வேலை பார்க்கும் இவளுக்கு அங்கே பெயர் ‘கடைசி வண்டி’. வேகம் இல்லாததால் வந்த பெயர் இல்லை. காற்றடிக்கும் பம்பும் பஞ்சர் சாமானும் இவள் பையில்தான் இருக்கும். யாருக்கு மூச்சு வாங்கினாலும் கூட நின்று, கூட்டிக்கொண்டு வந்து சேர்ப்பாள். இவளுக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது, இவள் இல்லாமல் யாரும் கிளம்பக் கூடாது. அது அவர்களாகவே வைத்துக்கொண்ட சட்டம்.

கடல் வரைக்கும் ஒரு நீண்ட பயணம் போக வேண்டுமென்று திட்டம் போட்டு ஒரு வருடம் ஆகிறது. முதல் முறை கிளம்ப இருந்தபோது அவருக்கு நுரையீரலில் நீர் கோத்து, ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். தள்ளிப் போட்டார்கள். இரண்டாம் முறை பை கட்டி வாசலில் வைத்த பிறகு அவருக்கு மூச்சுத் திணறியது. மறுபடியும் தள்ளிப் போட்டார்கள். யாரும் ஒரு வார்த்தை முகம் கோணிச் சொல்லவில்லை. “உடம்பைப் பாருங்கக்கா, கடல் எங்க ஓடிப் போகப் போகுது” என்றார்கள். அந்த நல்ல மனசுதான் அவளை அரித்தது. திட்டியிருந்தாலாவது பதிலுக்குத் திட்டியிருக்கலாம்.

மூன்றாம் முறை நாள் குறித்தார்கள். வீட்டில் வந்து தங்கிப் பார்த்துக்கொள்கிறேன் என்று கொழுந்தன் ஒத்துக்கொண்டான். அவருக்கும் இரண்டு வாரமாக உடம்பு தேவலை. அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. நேற்று மாலை நூலகத்திலிருந்து அரக்கப் பரக்க வந்து பார்த்தால், இரண்டு நாளில் கிளம்ப வேண்டிய வண்டி அக்கக்காகக் கிடக்கிறது. நடுவில் அவர் உட்கார்ந்து, கைக் கிரீஸைச் சட்டையில் துடைத்துக்கொண்டிருக்கிறார்.

பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். என்ஜின் இல்லாததை வண்டி என்றே ஒத்துக்கொள்ள மாட்டார். இத்தனை வருடத்தில் அவள் சைக்கிளை ஒரு நாள் துடைத்தது கிடையாது. இன்றைக்கென்று அதைத் தொட்டிருக்கிறார்.

“என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?”

“கரகரன்னு ஒரு சத்தம். வீட்டுக்குள்ள உருட்டிட்டு வரும்போதெல்லாம் கேக்குது. உனக்குக் கேக்கலையா?”

“எனக்கு எல்லாம் கேக்குது. நான் போகக் கூடாது. அதானே? வாயால சொல்ல தைரியம் இல்ல, வண்டியப் பிரிச்சுப் போட்டுட்டீங்க.”

“அட, கேளு. காலையில நீ ஒரு சின்ன வேலை...”

“ஒண்ணும் பேச வேண்டாம். அந்தத் தட்டு உங்களுக்கு எங்க கிடைச்சது?”

அவர் தட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், வாயை மூடிக்கொண்டார். அது அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. அவர் எதிரிலேயே கேப்டனுக்குப் போன் போட்டாள். புருஷன் சைக்கிளைக் கழற்றிப் போட்டுவிட்டான் என்று எந்த முகத்தோடு சொல்வது? “இந்தத் தடவையும் முடியாதும்மா. அவருக்கு ரொம்ப முடியல. படுத்த படுக்கையா இருக்காரு” என்றாள். மறுமுனையில் கேப்டன் பதறுவது கேட்டது.

போனை வைத்ததும் அவர், “நானா படுத்த படுக்கை? குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேன்” என்று சிரித்தார்.

அவள் சிரிக்கவில்லை. ராத்திரிச் சாப்பாட்டை ணங்கென்று வைத்தாள். மருந்தை ணங்கென்று வைத்தாள். காலையில் டீயையும் அப்படியே வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். தலைக்கு ஊற்றிக்கொண்டு, அடுத்து என்ன கேட்பது, அதற்கு அவர் என்ன சொல்வார், அதற்குத் தான் என்ன சொல்வது என்று சண்டையின் மிச்சத்தை வரிசைப்படுத்திக்கொண்டு வெளியே வந்தாள். அவர் நாற்காலியிலேயே தலை சாய்ந்திருந்தார். டீயில் ஆடை படிந்திருந்தது.

அழுகை வர வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. வந்தது கோபம்தான். பாதிச் சண்டையில் எழுந்து போகிற பழக்கம் அவருக்கு எப்போதும் உண்டு. ஆனால் இப்படி ஒரேயடியாகப் போனால் மீதியை யாரிடம் போடுவது?

இப்போது வாசலில் சைக்கிள் மணி கேட்டது. யாரோ பழக்க தோஷத்தில் அடித்துவிட்டு, உடனே கையை எடுத்திருக்க வேண்டும். குழுவில் எல்லோரும் வந்திருந்தார்கள். கேப்டன் நேராக உள்ளே வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நேத்தே சொன்னீங்களேக்கா, ரொம்ப முடியலன்னு. நான்தான் காலையில வந்து பாக்கலாம்னு அசால்ட்டா இருந்துட்டேன். என்னை மன்னிச்சிருங்கக்கா.”

நாத்தனார் திரும்பிப் பார்த்தார். “நேத்தேவா? நேத்து சாயந்திரம் எங்கிட்ட போன்ல நல்லாத்தானே பேசினான்? உனக்குத் தெரிஞ்சிருக்கு, எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லலையே?”

அவள் வாயைத் திறந்தாள். இல்லை, நேற்று நன்றாகத்தான் இருந்தார், நான் சொன்னது பொய், என்று சொல்ல வேண்டும். கூடம் முழுக்க ஆட்கள். கேப்டனின் கண் கலங்கியிருந்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பதில் சொல்ல முடியாத துக்கம் என்று அவர்களாக நினைத்துக்கொண்டார்கள்.

“அண்ணி” என்று கொழுந்தன் கூப்பிட்டான். அவருக்கு வேறு சட்டை மாற்றியிருந்தார்கள். கழற்றிய சட்டையை அவளிடம் நீட்டினான். “இத எங்க போடட்டும்?”

“கொடு.”

குளியலறைக்குக் கொண்டுபோனாள். வாளியில் போடுவதற்கு முன் அவள் விரல்கள் தாமாகவே சட்டைப் பைக்குள் போயின. கல்யாணமான நாளிலிருந்து இந்தப் பழக்கம். பணிமனையிலிருந்து வரும்போது அவர் பையில் ஒரு நட்டோ வாஷரோ இருக்கும். தேய்ந்த சாமானை அளவுக்குக் கையோடு எடுத்துப் போய், கடையில் காட்டி அதே மாதிரி வாங்குவார். காட்டாமல் வாயால் அளவு சொல்லி வாங்குகிறவன் மெக்கானிக்கே இல்லை என்பார். அப்படி மறந்து விட்டவை துவைக்கும் இயந்திரத்தை இரண்டு முறை பழுதாக்கியிருக்கின்றன.

பையில் ஒரு காகிதப் பொட்டலம் இருந்தது. பிரித்தாள். குண்டு. கிரீஸோடு அப்படியே மடித்திருந்தார். ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தாள். ஒரு பக்கம் அரித்து, சின்னதாகக் குழி விழுந்திருந்தது. கரகரவென்ற சத்தம் இதனால்தான்.

காலையில் நீ ஒரு சின்ன வேலை.

வாசற்படி இறங்கக் கூடாதென்று டாக்டர் சொன்ன மனுஷன் வேறு யாரைக் கடைக்கு அனுப்புவார்? முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? சொல்ல வந்தபோது தட்டைப் பற்றிக் கேட்டது யார்? பல்லைக் கடித்தாள். அவர் மேல் வந்த கோபம், தன் மேல் வந்த கோபம், இரண்டில் எது எதுவென்று பிரிக்க முடியவில்லை. குழாயைத் திறந்து வாளியில் தண்ணீரை விட்டாள்.

கதவு தட்டப்பட்டது. கேப்டன்தான். “அக்கா, வண்டி வந்துடுச்சு. கூப்பிடுறாங்க.” பிறகு என்ன சொல்வதென்று தெரியாமல், “டூரப் பத்தியெல்லாம் நினைக்காதீங்க. அத ஆறப் போட்டாச்சு. இனிமே எப்பவாவது பாத்துக்கலாம்” என்றாள்.

அவள் கதவைத் திறந்தாள். பொட்டலத்தைக் கேப்டனின் உள்ளங்கையில் வைத்தாள்.

“இந்த அளவுல வேணும். கடையில இதக் காட்டித்தான் வாங்கணும். ஒண்ணு மட்டும் வாங்கிடாத. மாத்துனா மொத்தமா மாத்தணும்னு சொல்வாரு. பதினெட்டு.”

கேப்டன் குண்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். பொட்டலத்தை மடித்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

“நேத்து அவர் நல்லாத்தாம்மா இருந்தாரு” என்றாள் அவள்.

கேப்டன் அவள் தோளைத் தொட்டுவிட்டு நடந்தாள். கூடத்திலிருந்து நாத்தனார் மறுபடி கூப்பிட்டார். விரல் நுனிகளில் கிரீஸ் பிசுபிசுத்தது. துடைக்கத் துணி தேடினாள். கொடியில் துவைத்த துண்டு தொங்கியது. அதை எடுக்காமல், கையிலிருந்த சட்டையின் முன்பக்கத்தில், அவர் துடைத்து வைத்திருந்த கறைக்குப் பக்கத்திலேயே துடைத்துவிட்டு, சட்டையை வாளியில் போடாமல் ஆணியில் மாட்டினாள்.