முந்தாநாள் பறித்த பூ

மணிமங்கலத்துக் கோதண்டம் மகள் ரத்னாவுக்காக மூன்று மாப்பிள்ளை வீடுகளில் காபி குடித்துவிட்டு, மூன்றிலும் குறை சொல்லி எழுந்து வந்தவர். ஒரு வீட்டில் கதவு கோணல். இன்னொன்றில் சம்பந்தி அதிகமாகச் சிரித்தார். மூன்றாவதில் நாய் குரைக்கவில்லை. நாலாவதாக ஒரகடத்துக்குப் பஸ் ஏறும்போதே மனைவி பாப்பம்மாள் சொல்லிவிட்டாள்: "இதையும் கெடுத்தியோ, ரத்னாவுக்கு நீயே சோறாக்கிப் போட்டுக்கினு கெட. நான் எங்கண்ணன் வூட்டுக்குப் போயிடுவேன்."

பையன் கோபாலுக்குக் கம்பெனியில் ஷிப்டு வேலை. கதவு நேர். அவன் அம்மா சந்திரம்மாள் அளவாகத்தான் சிரித்தாள். நாயும் குரைத்தது. கோதண்டத்துக்குக் கையொடிந்த மாதிரி இருந்தது. அப்போதுதான் சுவரில் ஒரு படம் கண்ணில் பட்டது. எழுந்துபோய் மூக்கு இடிக்கிற மாதிரி நின்றார்.

"இன்னாபா இது?"

"பூ ஜாடி மாமா. பிரான்ஸ் ஓவியம். ஆபீஸ்ல பழைய காலண்டரைத் தூக்கிப் போட்டாங்க, கேட்டு வாங்கிக் கண்ணாடி போட்டேன். இம்ப்ரெஷனிஸ்ட் படம்னு எஞ்சினீயர் சொன்னாரு."

"பிரஷ்ஷைத் தொடச்ச துணியாட்டம் கீது. நாப்பது வருசமா சாமந்தி பயிர் போடறேன், எனக்கேவா பூ காட்டற?"

பாப்பம்மாள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"கிட்டப் பாத்தா தெரியாது மாமா. அப்படியே பின்னாடி வாங்க. இன்னும்... வாசப்படி, பாத்து."

குறை தெரியாமலிருக்கத் தள்ளி நின்று பார் என்று மாட்டுத் தரகன்தான் சொல்வான். சந்தேகத்தோடே பின்னால் நகர்ந்த கோதண்டம் நிலைப்படியில் முதுகு இடித்து நின்றார். தீற்றலெல்லாம் எங்கேயோ போய்விட்டது. ஜாடி நிறையப் பூ. ஒரு பக்கம் வெயில்கூட விழுந்திருந்தது.

பழக்கதோஷம், குறை தேடினார். கிடைத்துவிட்டது.

"வலப்பக்கம் ரெண்டு வாடிப்போச்சு. முந்தாநேத்து பறிச்சது. இடப்பக்கம் மட்டும் புதுசா சொருகிக்கீறான். மூணு நாள் உக்காந்து போட்டுக்கீறான் ஆளு, ஜாடித் தண்ணிய மாத்தவே இல்ல."

"அந்த ஓரத்துப் பூதான் மாமா!" கோபால் அடக்கத்தை மறந்து கத்தினான். "ஷிப்டு முடிஞ்சி வந்து தெனம் பாப்பேன். எதழ் இப்ப உழுந்துடும்போல, கையை நீட்டிப் புடிக்கலாம்னு தோணும்."

கோதண்டம் அவனை முதல்முறையாக முழுசாகப் பார்த்தார். இதில் ஏதும் சூது இருக்குமோ என்று இன்னொரு தடவையும் பார்த்தார். பிறகு மனைவியிடம், "கெளம்பு" என்றார்.

பாப்பம்மாளுக்கு அண்ணன் வீடு ஞாபகம் வந்தது.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே கோதண்டம் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்: "சந்திரம்மா! வெள்ளிக்கெழம பொண்ணுக்குப் பூ வெக்க வந்துடுங்க. பூ மட்டும் நீங்க வாங்கியாராதீங்க, எங்க கொல்லைல காலைல பறிச்சத நானே தரேன். வாடுனத கண்ணாடி போட்டு மாட்டற வூடு, நம்பி வுட முடியாது."