அடித்துவிட்ட நான்காம் பத்தி

எதிர்த்தரப்பு வக்கீல் பதில் மனுவின் நான்காம் பத்தியை உரக்க வாசித்தபோது சலவைக்கடைக்காரருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. வழக்குப் போட்டவர் அவருடைய அத்தான், அக்காவின் கணவர். அவர் பக்கத்திலேயே அக்கா உட்கார்ந்திருந்தாள்.

"வாதி சீட்டாடுபவர், குடும்பப் பணத்தை அழித்தவர், மனைவியைக் கைநீட்டி அடிப்பவர்..."

அத்தனையும் அக்கா ஒருநாள் தம்பி என்று நம்பி அவரிடம் அழுதுகொண்டே சொன்னவை. கடனைக் கேட்டு நோட்டீஸ் வந்த கோபத்தில் அவர் தன் வக்கீலம்மாவிடம் கொட்டித் தீர்த்தார். பதில் மனுவில் அப்படியே ஏறிவிட்டது.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "கடன் வாங்கினாரா, திருப்பிக் கொடுத்தாரா? கேள்வி அவ்வளவுதான். இதுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? நாலாம் பத்தியை எடுத்துடுங்க." பிறகு பக்கத்தைப் புரட்டினார். "அஞ்சாம் பத்தியில பாதிக்கு மேல கொடுத்தாச்சுன்னு மொட்டையா இருக்கு. யார்கிட்ட, எப்பன்னு திருத்தி எழுதிக் கொண்டாங்க. இல்லேன்னா அதுவும் நிக்காது."

வெளியே வராந்தாவில் வக்கீலம்மா பேனாவைத் திறந்தார். "சொல்லுங்க, யார் கையில கொடுத்தீங்க?"

"அக்கா கையில."

"அட கடவுளே! அதை இல்ல முதல்ல சொல்லியிருக்கணும்? அவங்க வந்து ஒரு வார்த்தை சொன்னா போதுமே."

"கொஞ்சம் பொறுங்கம்மா" என்றார் சலவைக்கடைக்காரர். அக்காவைக் கேட்காமல் இனி ஒரு வரியும் எழுத அவருக்குத் தெம்பில்லை.

மறுநாள் மத்தியானம் அக்காவே கடைக்கு வந்தாள். இஸ்திரி மேசையில் ஆவி பறந்துகொண்டிருந்தது. இழுத்துப்போட்ட நாற்காலியில் அவள் உட்காரவில்லை.

"உன்னை நம்பிச் சொன்னதை ஊர் கேக்க டைப் அடிச்சிட்டியேடா."

"புத்தி கெட்டுப் போச்சுக்கா."

"கூண்டுல ஏத்தி நிக்க வச்ச மாதிரி இருந்துச்சு. வீட்டுக்குப் போற வழி பூரா அவரு ஒரு வார்த்தை பேசல. அதுதான் பயம்."

அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "அந்தப் பணத்தை நீ அத்தான்கிட்ட கொடுக்கலையா?"

"கொடுக்கல. என் பேர்ல போட்டு வச்சிருக்கேன். என்னைக்காவது கிளம்பிடலாம்னு." அவள் குரல் தாழ்ந்தது. "உன் காசுதான், இல்லேங்கல. ஆனா என் பேரை எழுதினா அவருக்குத் தெரிஞ்சிடும். அப்புறம் நான் எங்கடா போவேன்?"

அவர் உள்ளே திரும்பிப் பார்த்தார். இரண்டாவது சலவை மெஷின் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அதை வாங்கத்தான் அத்தானிடம் கடன் வாங்கியிருந்தார்.

"சரி, நீ போக்கா. நான் பாத்துக்கறேன்."

அடுத்த வாய்தாவுக்கு முன்பே ஐந்தாம் பத்தியையும் அடித்துவிடச் சொன்னார். வக்கீலம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "கொடுத்த பணத்தையே மறுபடி கொடுப்பீங்களா? உங்களுக்கு என்ன, பணம் மரத்துல காய்க்குதா?"

"இல்லம்மா. ஆனா எழுத வேற எதுவும் இல்ல. முழுக் கடனும் பாக்கின்னு ஒத்துக்கறேன். தவணை மட்டும் வாங்கிக் குடுங்க."

வக்கீலம்மா அவரை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, அந்தப் பத்தியின் குறுக்கே கோடு போட்டார்.

தவணைக்கு உத்தரவு வந்தது. இரண்டாவது மெஷினை அவர் வந்த விலைக்கு விற்றார். கூலிக்கு ஆள் வைக்க முடியாமல் தானே துவைத்து, தானே தேய்த்தார், முதுகு விட்டுப்போனது. மாதாமாதம் கட்டும்போதெல்லாம் வயிறு எரியத்தான் செய்தது. அக்காவிடமிருந்து பேச்சு மூச்சு இல்லை. நான்காம் பத்தியை நீதிபதி எடுத்துவிட்டார். அவள் மனசிலிருந்து எடுக்கவில்லை என்று நினைத்துக்கொள்வார். அவளைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை.

மழைக்காலம் முடியும் சமயம் ஒரு சாயங்காலம் போன் வந்தது.

"நான்தான். வாடகைக்கு ஒரு ரூம் எடுத்திருக்கேன், போன வாரம் வந்துட்டேன். குழாய்ல தண்ணி வரல. தெரிஞ்ச ஆள் யாராவது இருந்தா அனுப்பு."

"தனியாவா இருக்கே?"

"தனியாத்தான். வேற எதுவும் கேக்காதே, அலுப்பா இருக்கு."

"கேக்கல. அட்ரஸைச் சொல்லு."

தேய்க்காத துணி மலையாகக் குவிந்து கிடந்தது. அதை அப்படியே விட்டுவிட்டு, ஷட்டரை இழுத்துப் பூட்டினார். ஸ்பானரைப் பையில் போட்டுக்கொண்டு அவரே கிளம்பினார்.