ஆறு பேருக்கு ஒரே முகவரி

1

நான் டிக் போடாமல் விட்ட ஒரு சின்னக் கட்டத்திலிருந்து பிறந்தது இந்தக் கதை. முதலில் இப்படித் தொடங்கினேன்: "புத்தூரில் அன்று விடாத மழை..." மழையெல்லாம் பெய்யவில்லை, சும்மா எழுதினேன். அடித்துவிட்டேன்.

2

நேராகவே சொல்கிறேன். புத்தூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையம். ஆறு பேர் ஆறு மேசைகளிலிருந்து உள்ளறையில் இருக்கும் ஒரே சர்வருக்குள் நுழைந்து வேலை பார்ப்பார்கள். அந்த சர்வரைப் பார்த்துக்கொள்பவன் பராசரன், ஸ்ரீரங்கத்துக்காரன். நான்தான்.

ரிப்போர்ட் மென்பொருளில் எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்டு. யார் எதைத் திருத்தினாலும் அது குறித்துவைப்பது, எந்தக் கணினியிலிருந்து வந்தது என்று காட்டும் ஐபி முகவரியை மட்டும். ஒரே சர்வரிலிருந்து போவதால் ஆறு பேருக்கும் ஒரே முகவரி. ஆளுக்கொரு தனி முகவரி கொடுக்க சர்வரிலேயே வசதி உண்டு; அதற்கான கட்டத்தில் டிக் போட்டு அமைக்க வேண்டும். அரை மணி நேர வேலை.

(மேலாளர் அற்புதசாமி மூன்று முறை கேட்டார். "வைகுண்ட ஏகாதசி முடியட்டும் சார், பண்ணிடறேன்" என்றேன். ஏகாதசி வந்தது, அதன் பின் இராப்பத்து உற்சவமும் முடிந்தது. நான் பண்ணவில்லை.)

3

தை மாதம் ஒரு கர்ப்பிணியின் ரிப்போர்ட்டில் ரத்த வகையை யாரோ மாற்றிவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் மறுபடி சோதித்ததால் பிழைத்தாள்.

"யாரு பண்ணதுன்னு பாத்துச் சொல்லுங்க, பராசரன்" என்றார் அற்புதசாமி.

திரையில் அதே ஒற்றை முகவரி. தெரியாது என்றால், ஏன் தெரியாது என்று கேட்பார்.

"அந்த நேரத்துல பிரான்சி உள்ள இருந்தாங்க சார்."

பொய் இல்லை. அவளோடு சேர்த்து ஆறு பேருமே சர்வருக்குள் இருந்தார்கள். அவள் பெயர் ஏன் வந்தது? அன்று அவள்தான் எனக்கு போன் செய்து, "சார், ஸ்கிரீன் நின்னு போச்சு, கொஞ்சம் பாருங்களேன்" என்றிருந்தாள். அடப்பாவி, உதவி கேட்டவள் பெயர்தானா நாக்கில் நிற்க வேண்டும்!

மறுநாள் அவளுக்கு வேலை இல்லை. அன்று மாலையே ஆளுக்கொரு முகவரி கொடுத்து முடித்தேன். அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

4

பராசரன் என்கிற பாத்திரத்தை என்னால் நம்ப முடியவில்லை. இவ்வளவு வருந்துகிறவன் ஒரு வருஷமாக வாயைத் திறக்காமல் இருப்பானா? இருக்கிறான், வெட்கங்கெட்டவன்.

முடிவு ஒன்று: பிரான்சிக்குத் துறையூரில் நல்ல வேலை கிடைத்து, அவள் என்னை மன்னித்து... இல்லை. விசாரித்தேன். எந்த லேபிலும் அவளை எடுக்கவில்லை. 'ரிப்போர்ட்டை மாத்தினவ' என்ற பேச்சு அவளுக்கு முன்னால் போய்விடுகிறது.

முடிவு இரண்டு: பராசரன் அற்புதசாமியின் அறைக்குள் போய், "சார், தப்பு என்..."

5

பிரான்சி அனுப்பிய செய்தி என் போனில் இருக்கிறது. "நான் பண்ணலைன்னு உங்களுக்குத் தெரியும்ல சார்? அவர்ட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்." நான் படித்துவிட்டேன் என்பது அவளுக்கும் தெரியும்.

அறுந்து நிற்கும் அந்த வாக்கியத்தை முடித்துத் தாருங்கள் என்று உங்களிடம் கேட்கத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். வேண்டாம், விடுங்கள். நீங்கள் முடித்துக் கொடுத்தால், கை காட்ட எனக்கு இன்னொரு ஆள் கிடைத்துவிடும்.