பொறுமையில் செய்த வாணலி

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு எனக்கு நேரம் இருக்காது, மனமும் இருக்காது. இந்தக் கதை ஒரு வாணலியிலிருந்து வந்தது.

ஸ்காட்லாந்தில், எங்கள் கேம்பல்டவுன் துறைமுகத்துக்கு எதிரே பாத்திரக்கடை வைத்திருந்த மக்ஸ்பாரன் அதை என் தலையில் கட்டினான். "இது கண்ட இரும்பு இல்ல பெரியவரே. உலகச் சண்டை நடந்தப்ப நம்ம துறையில நின்னுச்சே, 'பொறுமை'ன்னு ஒரு இழுவைக்கப்பல், அத உடைச்சு உருக்குன இரும்பு" என்றான். இதே மக்ஸ்பாரன் இதற்கு முன் எனக்கு ஒரு குடை விற்றிருக்கிறான். ஏதோ ஒரு மகாராணியின் சவ ஊர்வலத்தில் நனைந்த குடை அது என்றான். ஒரு முறை நனைந்தது போதும் என்று அந்தக் குடை முடிவு செய்திருந்ததால், அதன் பிறகு நனைந்ததெல்லாம் நான்தான். ஆகவே வாணலியை நான் நம்பவில்லை.

வீட்டுக்கு வந்து, ஓட்ஸ் மாவில் புரட்டிய ஹெரிங் மீனை அதில் போட்டேன். மீன் இடப்பக்கமாக நழுவியது. வாணலியைத் திருப்பி வைத்தேன். மீன் மறுபடி இடப்பக்கமே நழுவியது. முட்டையும் அப்படியே. அடுப்பின் மேல் ரசமட்டம் வைத்துப் பார்த்தேன், குமிழி நடுவில் நின்றது.

"அடுப்பு சாஞ்சிருக்கு. வீடு சாஞ்சிருக்கு. ரெண்டு கிளாஸ் உள்ள போனா நீயும் சாஞ்சிடுற. வாணலிய ஏன்யா பழி சொல்ற?" என்றாள் என் மனைவி எஃபி.

(எஃபி இந்தக் கதையில் அடிக்கடி வருவாள். வரவேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன்.)

2

முதல் தொடக்கம், கைவிட்டது:

'சண்டையின் மூன்றாவது குளிர்காலத்தில், கோதுமை ஏற்றிய ஒரு கப்பலின் முன்தளத்தில் நின்றபடி, ஷெட்லண்ட் தீவுக்காரனான லௌரி, தொடைத் தடிமன் உள்ள ஒரு நார்வடத்தைத் தன் இரு'

பள்ளிக்கூடப் பாடம் போல இருந்தது. விட்டுவிட்டேன்.

இரண்டாவது தொடக்கம், இதுவும் கைவிட்டது:

'கோடாரி நனைந்திருந்தது. சமையல்காரன் வாட்டி அதைத் தன் கைத்துணியால் துடைத்துக்கொண்டே'

இங்கே எஃபி தேநீர் குடிக்கக் கூப்பிட்டாள். திரும்பி வந்தபோது வாட்டி இன்னும் துடைத்துக்கொண்டிருந்தான். அவனைப் பார்க்கவே எனக்கு ஒரு மாதிரி இருந்தது. தாளைக் கவிழ்த்து வைத்தேன்.

(சமையல்காரனுக்கு வாட்டி என்று பெயர் வைத்தது நான் இல்லை. அவன் அம்மா வைத்தது. வாட்டிய மீனைத் தவிர வேறு எதையும் அவன் ஒழுங்காகச் சமைத்ததில்லை என்பது தற்செயல்.)

3

நான் கடலுக்குப் போனவன் இல்லை என்பதையும் இங்கேயே ஒப்புக்கொள்கிறேன். சாராய ஆலையில் பீப்பாய் உருட்டியவன். ஒரு காது கேட்காததால் கடற்படை என்னை வேண்டாம் என்றது. அது சொன்னதும் அந்தக் காதில்தான் விழுந்தது, ஆகவே எனக்கு வருத்தமில்லை.

ஆனால் பீப்பாய் முற்றத்திலிருந்து துறை தெரியும். இழுவைக்கப்பல்கள் அங்கேதான் நிற்கும். கட்டை குட்டையான உடம்பு, பெரிய மூச்சு. கூட்டமாகப் போகும் சரக்குக் கப்பல்களில் ஒன்றை நீர்மூழ்கி அடித்துவிட்டால், மற்றவை நிற்காது. நின்றால் அடுத்து அடிபடுவது அவைதான். அடிபட்டதற்காகத் திரும்பிப் போவது இழுவைக்கப்பல் மட்டும்தான். வடத்தைக் கட்டி இழுக்க ஆரம்பித்தால் அதன் வேகம், கோயிலுக்கு மனமில்லாமல் நடக்கிறவனின் வேகம். அடித்தவனுக்கு வயிறு நிறைந்ததா, இன்னும் பசிக்கிறதா என்று யாருக்கும் தெரியாது. தண்ணீரைப் பார்த்துக்கொண்டே வரவேண்டும். தண்ணீர் எதையும் சொல்லாது.

என் கதையில் ஒரே அச்சில் கட்டிய இழுவைக்கப்பல்கள் ஐந்து. ஐந்துக்கும் நற்குணங்களின் பெயர். (கடற்படைப் பட்டியலில் தேடாதீர்கள். நான் கட்டிய கப்பல்கள் என் மேசையைத் தாண்டிப் போனதில்லை.) சண்டை முடிந்தபின் அவற்றுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டால்:

'விவேகம்', தான் எந்தப் பாறையிலிருந்து வேறொரு கப்பலை இழுத்து மீட்டதோ, அதே பாறையில், நல்ல வெயிலில், போய் ஏறி உட்கார்ந்தது. 'அடக்கம்' ஓர் இத்தாலியனுக்கு விலைபோய், புகைபோக்கியில் தங்கப் பூச்சு பூசிக்கொண்டு, மேளம் தாளத்தோடு கல்யாண ஊர்வலங்களை ஏற்றிச் சென்றது. 'ஊக்கம்' கிரேக்க நாட்டு விரிகுடா ஒன்றில் சும்மா கிடந்தது. காவல்காரன் அதன் இயந்திர அறையில் கோழி வளர்த்தான். முட்டையை உடைத்தால் டீசல் வாடை. 'உறுதி'யை உடைப்பதற்காக வேறொரு கப்பல் இழுத்துக்கொண்டு போகும்போது, வழியிலேயே அது இரண்டாகப் பிளந்தது.

இதையெல்லாம் எழுதும்போது சிரித்துக்கொண்டேதான் எழுதினேன். ஐந்தாவதுக்கு வந்ததும் பேனா நின்றது.

4

'பொறுமை'யின் கேப்டன் பெயர் ரானல்ட் கால்பிரெய்த். விளக்கைச் சிமிட்டி அனுப்பும் செய்திகளை அவரே படிப்பார், எழுத்து எழுத்தாக, சத்தமாக. இழுக்கும்போது பின்தளத்தில், வடத்தின் பக்கத்தில், கோடாரியோடு ஓர் ஆள் நிற்கவேண்டும். மற்ற எல்லோருக்கும் வேலை இருந்ததால் அது வாட்டியின் தலையில் விழுந்தது.

"நான் டர்னிப் கிழங்கு நறுக்குறவன் கேப்டன்."

"அப்ப இத டர்னிப்னு நெனச்சுக்கோ. இதோ பாரு, வடம் நமக்கு நேர் பின்னால இருக்கற வரைக்கும் நாம இழுக்கறோம். பக்கவாட்டுல வந்துட்டா அது நம்மள இழுக்கும். கவுந்துருவோம். 'ஐயோ'ன்னு சொல்லி முடிக்க நேரம் இருக்காது. நான் மேடையில கைய தூக்கி வெச்சிருப்பேன். இறக்குனா வெட்டு. ஏன்னு கேக்காத."

"எதுக்கு ஏன்னு கேக்கப் போறேன்? கேட்டா மட்டும் சொல்லிடுவீங்களா?"

அடிபட்டது கோதுமைக் கப்பல். படகுகள் எல்லாவற்றையும் கடல் கொண்டுபோயிருந்தது. மாலுமிகளில் பெரும்பாலோரை வேறு கப்பல் ஏற்றிக்கொண்டது. வடத்தைக் கட்டவும், உடைந்த சுக்கானைக் கையால் திருப்பவும் லௌரியும் இன்னும் சிலரும் அதிலேயே தங்கினார்கள். கட்டும்போது இரண்டு கப்பலும் கூப்பிடு தூரத்தில் இருந்தன. அவர்கள் சூடாக எதையும் தின்று நாளாகியிருந்தது. வாட்டி தன்னுடைய பெரிய சூப்புப் பானையை மூடி கட்டி, கயிற்றில் மாட்டி, அந்தப் பக்கம் அனுப்பினான்.

"டேய் ஷெட்லண்டு! பானை பத்திரம்டா! எங்கிட்ட இருக்கறது அது ஒண்ணுதான்!"

"கரையில வந்து தர்றேன்டா சமையலு! கழுவித் தரணுமா, அப்படியே தரணுமா?"

"கழுவித் தாடா, நாறப்பயலே!"

இதைத் தவிர அவர்கள் இருவரும் வாழ்க்கையில் பேசிக்கொண்டது எதுவுமில்லை. லௌரியின் முகத்தை வாட்டி சரியாகப் பார்க்கவும் இல்லை. மூக்கு வரை கம்பளி சுற்றியிருந்தான்.

5

(இது அடிக்குறிப்பாக இருக்கவேண்டியது. அடியில் இடம் இல்லை.)

மேலே இரண்டாவது பகுதிக்குத் திரும்பிப் போய்ப் பாருங்கள். லௌரியை 'தன் இரு' என்று நிறுத்திவிட்டு வந்தேன். தன் இரு கைகளாலும் வடத்தைப் பிடித்திருந்தான் என்று எழுதப் போனவன், வாக்கியம் பிடிக்கவில்லை என்று அறுத்துவிட்டேன். அறுக்கும்போது ஒன்றும் தோன்றவில்லை. மறுமுனையில் ஆள் இருந்தான் என்பது இப்போதுதான் உறைக்கிறது.

அறுபது வருஷமாக இப்படி எத்தனை வாக்கியங்களை விட்டிருக்கிறேன்! தாளைக் கசக்கி அடுப்பில் போட்டு, அந்தச் சூட்டில் முட்டை பொரித்தவன் நான்.

"என்னய்யா முகம் வெளுத்துப் போச்சு?" என்றாள் எஃபி.

"ஒண்ணுமில்ல. ஜன்னல சாத்து."

"சாத்தித்தான் இருக்கு."

6

இரண்டாம் நாள் காலை, காற்று திசை மாறியது. ஐலே தீவின் பாறைகள் பக்கமாக இரண்டு கப்பலையும் தள்ள ஆரம்பித்தது. பாறை தெரியவில்லை. அதன் மேல் அலை உடையும் வெள்ளை மட்டும் தெரிந்தது.

வடத்தின் நீளத்துக்கு அப்பால், கோதுமைக் கப்பலின் விளக்கு சிமிட்டியது. கேப்டன் சத்தமாகப் படித்தார்.

"மதியத்துக்கு... என்ன... சமையல்... எங்களுக்கு... எஸ்... ஏ... எல்... எம்..."

நிறுத்தினார். ஆனால் வாயிலிருந்து பாதி வந்துவிட்டது.

எங்கள் பக்கத்துக் கடலில் அந்த மீனின் பெயரைச் சொல்லக்கூடாது. 'சிவப்பு மீன்' என்போம். பாதிரியாரைப் பற்றியும் பேசக்கூடாது, பன்றியைப் பற்றியும் கூடாது. வாய் தவறிச் சொல்லிவிட்டால் உடனே குளிர்ந்த இரும்பைத் தொடவேண்டும். ஷெட்லண்ட்காரனுக்கு இது தெரியாதா? எங்களை விட நன்றாகவே தெரியும். தெரிந்துதான் அனுப்பினான். பயத்தில் பல் கிட்டிப்போனவன் எதிராளியைச் சீண்டிப் பார்ப்பான். அந்தச் சீண்டல் அது.

தளத்தில் இருந்தவர்கள் எல்லோரும் கையில் கிடைத்த இரும்பைப் பிடித்தார்கள். கேப்டன் கைப்பிடிக் கம்பியைப் பிடித்தார். வாட்டிக்கு மிக அருகில் இருந்த இரும்பு கோடாரியின் அலகு.

பிடித்த கையை அவன் எடுக்கவில்லை.

அப்போதுதான் கோதுமைக் கப்பலிலிருந்து ஏதோ பிளக்கும் சத்தம் கேட்டது. தண்ணீர் குடித்த கோதுமை ஊதும். சோறு பானையில் பொங்குவது போல, ஆனால் மெதுவாக, இரவும் பகலும். உள்ளே ஊதி ஊதி, கடைசியில் அது கப்பலின் விலாவைப் பிளந்தது. கோதுமைக் கப்பல் இடப்பக்கமாகத் தலையைத் திருப்பிக்கொண்டு ஒதுங்கியது. வடமும் அதோடு இடப்பக்கம் நகர்ந்தது. 'பொறுமை' இடப்பக்கம் சாய்ந்தது. சமையலறையில் வாட்டியின் தட்டுகள் ஒவ்வொன்றாக விழுவது அவனுக்குக் கேட்டது. தளத்தின் விளிம்பு தண்ணீருக்குள் போயிற்று. நிமிரவில்லை.

கேப்டன் கையைத் தூக்கினார்.

விளக்கு சிமிட்டியது. கேப்டன் படித்தார். இம்முறை மெதுவாக.

"சுக்கான்... திரும்புது... பொறு."

அவ்வளவுதான் செய்தி. பொறு. கப்பலின் பெயரைச் சொன்னானா, கெஞ்சினானா என்று வாட்டிக்குத் தெரியவில்லை. லௌரியும் மற்றவர்களும் அங்கே சுக்கானைத் திருப்பிவிட்டால் வடம் நேராகும், எல்லோரும் பிழைப்பார்கள். திருப்ப முடியாவிட்டால் 'பொறுமை' கவிழும், பிறகு இழுக்க ஆளில்லாமல் கோதுமைக் கப்பலும் பாறைக்குப் போகும். வெட்டிவிட்டால் 'பொறுமை' நிச்சயம் பிழைக்கும். லௌரி நிச்சயம் பிழைக்கமாட்டான்.

தண்ணீர் வாட்டியின் முழங்காலுக்கு வந்தது. அவன் கேப்டனின் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். கை மேலேயே இருந்தது. நடுங்கியது. நடுங்குவதற்கும் இறங்குவதற்கும்

7

மன்னியுங்கள். அதை அறுக்கவில்லை, கொஞ்சம் தள்ளி வைத்திருக்கிறேன்.

முடிவு ஒன்று: ஹெரிங் கூட்டம் ஒன்று, கோடிக்கணக்கில், 'பொறுமை'யின் இடப்பக்கத்துக்கு அடியில் வந்து முட்டுக்கொடுத்து அதை நிமிர்த்தியது. இத்தனை வருஷம் நாங்கள் தின்றதை மன்னித்து.

"தூ" என்றாள் எஃபி.

முடிவு இரண்டு: லௌரி சுக்கானைத் திருப்பிவிட்டான். கேம்பல்டவுன் துறையில் பானையோடு வந்து இறங்கினான். பானை கழுவவில்லை. அடிதடி.

"இது நல்லாருக்கே. இதையே எழுதேன்யா."

"எழுதலாம். ஆனா மீன் ஏன் இடப்பக்கம் நழுவுது? நிமிர்ந்து வீடு வந்த கப்பல் இரும்பு எதுக்கு இன்னும் சாயணும்?"

எஃபி அடுப்பைப் பார்த்தாள். அவளும் கணக்குப் போட்டாள். நான் போட்ட கணக்குதான். வாட்டி வெட்டாமல் 'பொறுமை' கவிழ்ந்திருந்தால் அது கடலடியில் கிடக்கிறது. அதை உடைக்கவும் முடியாது, உருக்கவும் முடியாது, என் அடுப்பில் வாணலியும் இருக்காது. வாணலி இருக்கிறது. அப்படியானால் கப்பல் பிழைத்தது. சாய்ந்ததை மறக்காமல் பிழைத்தது. எப்படிப் பிழைத்தது?

"அந்த வாணலியிலதான் நான் தெனமும் உனக்கு முட்டை போட்டுத் தர்றேன்" என்றாள். குரல் இறங்கியிருந்தது.

"மக்ஸ்பாரன் பொய்யன் எஃபி. குடைய நெனச்சுப் பாரு."

"குடை பொய். சரி. மீனு?"

அவள் கையைத் துடைத்துக்கொண்டு போய், ஆறிக் கிடந்த வாணலியின் விளிம்பை ஒரு விரலால் தொட்டாள். சொல்லக்கூடாத வார்த்தை எதையும் அவள் சொல்லவில்லை. நான் சொல்லியிருந்தேனோ என்னவோ.

"யோவ்," என்றாள், "அந்த ஷெட்லண்டுக்காரன அங்க விட்டுட்டு நீ படுக்கைக்கு வரக்கூடாது."

8

ஆகவே உட்கார்ந்திருக்கிறேன். முடிவு எழுதும் உரிமை எழுதுகிறவனுக்கு என்று சொல்வார்கள். வடத்தின் பக்கத்தில் கோடாரியோடு நிற்கச் சொன்னால் அந்த உரிமையை எவனும் கேட்கமாட்டான். நான் வைக்கும் முற்றுப்புள்ளி எதுவானாலும் அது ஒரு வெட்டு. நல்ல முடிவுக்கு வைத்தாலும் வெட்டுதான். அதற்குப் பிறகு அந்தப் பக்கத்திலிருந்து விளக்கு வராது.

எனக்குக் கை நடுங்குகிறது, வயசு வேறு. அதனால் இந்தக் கடைசி வாக்கியத்தின் முனையை உங்களிடம் தருகிறேன், பிடித்துக்கொள்ளுங்கள், கொஞ்சம் இடப்பக்கமாக இழுக்கும், பயப்படாதீர்கள், அல்லது பயப்படுங்கள், ஆனால் விட்டுவிடாதீர்கள், கேப்டனின் கை இன்னும் மேலேதான் இருக்கிறது, தண்ணீர் வாட்டியின் இடுப்புக்கு வந்துவிட்டது, மறுமுனையில் சிலர் சுக்கானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள், அவர்களில் ஒருவன், மூக்கு வரை கம்பளி சுற்றியவன், அவ்வப்போது தலையைத் திருப்பி, மூலையில் கட்டிவைத்த ஒரு பெரிய பானை பத்திரமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறான், அதைக் கழுவித்தான் வைத்திருக்கிறான்