ஓடாத ரோல்

கல்யாணப் படம் எடுக்கப் புதிதாகக் கிளம்புகிறவர்களுக்கு நாலு குறிப்பு எழுதித் தரும்படி போட்டோகிராபர் சங்கத்தின் மலருக்காகக் கேட்டிருந்தார்கள். சின்னவளுக்கு இந்தத் தொழிலில் முப்பது வருடம். கேமராவைக் கொடுத்தால் பம்பரமாகச் சுழலுவாள், பேனாவைக் கொடுத்தால் திருதிருவென்று விழிப்பாள். எழுதினாலும் அவள் கையெழுத்து அவளுக்கே புரியாது. அதனால் அவள் சொல்லச் சொல்ல அக்கா தட்டச்சு செய்வதாக ஏற்பாடு.

ஸ்டூடியோ மேசையில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அக்கா உட்கார்ந்தாள். "ம், சொல்லுடி. முதல் குறிப்பு."

முதல் குறிப்பு என்னவென்று சின்னவளுக்கு நன்றாகத் தெரியும். அதை அக்காவிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

அவள் எடுத்த முதல் கல்யாணம் அக்காவுடையது. பத்தொன்பது வயது, இரவல் கேமரா, தலைகால் புரியாத சந்தோஷம். மேடையில் அக்கா தலைகுனிந்து சிரித்தது, அத்தான் வியர்வையைத் துடைத்தது, ஒன்று விடாமல் தட்டினாள். முப்பத்தாறு படம் எடுக்கும் ஃபிலிம் ரோல். கேமராவில் காட்டும் எண் முப்பத்தெட்டைத் தாண்டியும் கேமரா நிற்கவில்லை. சாமான் அறைக்குள் போய்த் திறந்து பார்த்தாள். ஃபிலிமின் நுனி உருளையில் மாட்டவே இல்லை. காலையிலிருந்து ரோல் ஓடவே இல்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டாவது ரோலைச் சரியாக மாட்டினாள். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. மிச்சம் இருந்ததை எடுத்தாள்: கை கழுவும் வரிசை, செருப்புத் தேடும் சித்தப்பா, சட்டைக் கையை மடித்துவிட்டு நாற்காலி அடுக்கிய அப்பா. இரண்டு ரோலையும் சேர்த்தே லேப்பில் கழுவக் கொடுத்தாள். முதல் ரோலைப் பற்றி வீட்டில் கேட்டபோது, "லேப்காரன் வெளிச்சம் பட விட்டுட்டான்" என்றாள். வீடே அந்த மனுஷனைத் திட்டித் தீர்த்தது. மேடையில் நின்ற படம் ஒன்றுகூட இல்லாமலே அக்கா குடும்பம் நடத்தினாள். ஒருநாளும் குத்திக் காட்டியதில்லை. அதுதான் சின்னவளை இத்தனை வருடமும் அரித்தது.

இன்று பொய்யாக ஒரு குறிப்பு சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் அதை அக்கா கையாலேயே அடிக்க வைக்க மனசு வரவில்லை.

"எழுதுக்கா. படம் எடுக்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி, கேமராவுல பதியுதான்னு பாரு. ரெண்டு தடவை பாரு. அக்கா, அந்த லேப்காரர் மேல தப்பே இல்ல. நான்தான் ஃபிலிமை ஒழுங்கா மாட்டல."

அக்கா தட்டுவதை நிறுத்தவில்லை. "தெரியும்."

"என்னது?"

"கல்யாணம் முடிஞ்ச வாரமே அவர்கிட்ட சண்டை போடப் போனேன். அவர் ஃபிலிமை எடுத்துக் காட்டினாரு. 'வெளிச்சம் பட்டிருந்தா கறுத்துப் போயிருக்கும்மா, இது வெறுமையா இருக்கு, ஓடவே இல்ல'ன்னாரு. அவர் கையைப் பிடிச்சு மன்னிப்புக் கேட்டுட்டு வந்தேன். வீட்ல சொல்லிடாதீங்கன்னும் கேட்டுக்கிட்டேன்."

"ஏன்க்கா?"

"சொன்னா அப்பா உன்னைக் கேமரா பக்கமே விட்டிருக்க மாட்டாரு."

சின்னவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓவென்று அழுதாள். நாற்பத்தொன்பது வயசுக்காரி, வாடிக்கையாளர்களை அதட்டி வரிசையில் நிறுத்துகிறவள், சின்னப் பிள்ளை மாதிரி அழுதாள். அக்கா தேற்றவில்லை. கல்லாவுக்குப் பின்னால் மாட்டியிருந்த, அந்த இரண்டாவது ரோலில் எடுத்த படத்தை நிமிர்ந்து பார்த்தாள். நாற்காலி அடுக்குக்குப் பக்கத்தில் அப்பா வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தக் கல்யாணத்துக்கு அடுத்த வருடம் அவர் இல்லை. அவர் சிரித்து வேறு படமும் இல்லை.

அக்கா மறுபடி தட்ட ஆரம்பித்தாள்.

"நான் இன்னும் ரெண்டாவது சொல்லவே இல்லியேக்கா."

"ரெண்டாவது நான் சொல்றேன், சும்மா இரு."

சின்னவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு திரையை எட்டிப் பார்த்தாள். அக்கா எழுதியிருந்தாள்: 'வீட்டுக்காரர்கள் கடைசி நாற்காலியை அடுக்கி முடிக்கும்வரை கேமராவை மூடாதே.'