‘கண்ணுக்கு’ என்ற சொல்

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் குளியலறையில் குந்தி உட்கார்ந்து சட்டைக் காலரைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது, கூடத்தில் கணவன் செய்தித்தாளை உரக்கப் படிப்பது காதில் விழுந்தது. மாமியாருக்கு இரண்டு கண்ணிலும் புரை. அதனால் வாராவாரம் மருமகள் எழுதுவதை மகன்தான் படித்துக் காட்ட வேண்டும். அவன் லிஃப்ட் மெக்கானிக். உள்ளே மாட்டிக்கொண்டவர்களுக்கு வெளியிலிருந்து குரல் கொடுத்துக் கொடுத்து, எதைப் படித்தாலும் அதே குரலில்தான் படிப்பான். “வருகிறது விண்கல்! தப்புமா பூமி?” என்று அவன் முழங்கியதும் அவள் கை அப்படியே நின்றது. அவள் வைத்த தலைப்பு ‘வீட்டுக்கு வராத விருந்தாளி’.

சோப்பு நுரையோடு ஓடி வந்து பார்த்தாள். தலைப்பு போனால் போகிறது என்று விட்டுவிடலாம், தலைப்பைத் தின்று பசியாறுவது பத்திரிகைக்காரர்கள் பிழைப்பு. ஆனால் பக்கத்தின் நடுவே சிவப்புக் கட்டத்துக்குள் கொட்டை எழுத்தில், அவள் படத்துக்குப் பக்கத்திலேயே, அவள் சொன்னதாக ஒரு வாக்கியம் இருந்தது. ‘அது எங்கே போகிறது என்று நமக்குத் தெரியாது.’

அவள் எழுதியது இது: ‘தொலைநோக்கி இல்லாமல் பார்த்தால் அது எங்கே போகிறது என்று நம் கண்ணுக்குத் தெரியாது.’ அதற்கு முந்தைய பத்தியில், அந்தச் சிறுகோள் நிலாவைவிடப் பல மடங்கு தூரத்தில் விலகிப் போகிறது, அதன் பாதையை வானியலாளர்கள் கணக்குப் போட்டு வைத்துவிட்டார்கள், கவலைக்கு இடமில்லை என்றெல்லாம் கண்ணும் கருத்துமாக விளக்கியிருந்தாள். அந்தப் பத்தியைக் காணவில்லை. கட்டத்துக்குள் வாக்கியம் அடங்கவில்லை என்று யாரோ வால், தலை, நடு எல்லாவற்றையும் நறுக்கியிருக்கிறார்கள். நம் மொழியில் இப்படி ஒரு சங்கடம். பார்வையில் படுவதும் தெரிவதுதான், அறிவில் படுவதும் தெரிவதுதான். ‘கண்ணுக்கு’ என்ற ஒரு சொல்தான் இரண்டுக்கும் நடுவே சுவராக நின்றுகொண்டிருந்தது. அதைப் பிடுங்கிப் போட்டதும் உலகத்தின் அத்தனை வானியலாளர்களும் ஒரே நொடியில் ஒன்றும் தெரியாதவர்களாகி நின்றார்கள்.

“ஆஸ்பத்திரிக்கு போன் போட்டு வேணாம்னு சொல்லிடுடா” என்றாள் மாமியார்.

கண் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தது புதன்கிழமை. அதற்குச் சம்மதிக்க வைப்பதற்குள் வீட்டில் எல்லோருக்கும் போதும் போதும் என்றாகிவிட்டது.

“அத்தை, அது இந்தப் பக்கமே வரல. எவ்வளவோ தூரத்துல போகுது.”

“அப்புறம் ஏன் தெரியாதுன்னு எழுதின? நான் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கிட்டு மூலைல உக்காந்திருப்பேன். அடுத்த வாரம் அது வந்து விழுந்தா எந்தப் பக்கம்னு ஓடுவேன்? அது போய்த் தொலையட்டும், அப்புறம் கண்ணப் பாக்கலாம்.”

“நான் அப்படி எழுதல அத்தை. வெட்டிட்டாங்க.”

மாமியார் முகத்தை அவள் குரல் வந்த திசைக்குத் திருப்பினாள். “உம் போட்டோ போட்டிருக்காம்ல? அப்ப நீ சொன்னதுதான். இல்லன்னா எங்கிட்ட ஏன் சொல்ற, போய் ஊருக்குச் சொல்லு.”

அவளுக்குச் சுருக்கென்றது. மாமியார் சொன்னதில் தப்பே இல்லை என்பதுதான் எரிச்சலாக இருந்தது.

அலுவலகத்தில் அவளுக்கு வானக்கா என்று பெயர். பதினொரு வருடமாக ஞாயிறு இணைப்பில் வானியல் பக்கம் அவளுடையது. வானியலுக்கும் வானிலைக்கும் வித்தியாசம் தெரியாமல், துணி காயப் போடலாமா என்று கேட்டு அவளை அழைக்கிறவர்கள் இன்றைக்கும் உண்டு. அவள் சளைத்ததில்லை. மழையைப் பற்றித் தெரியாது என்று சொல்லிவிட்டு, கையோடு வெள்ளிக் கோள் சாயங்காலம் எந்தப் பக்கம் நிற்கிறது என்று சொல்லியனுப்புவாள். வீட்டு வேலை, அலுவலகத்தில் பிழை திருத்தும் வேலை என்று நாள் முழுக்க மற்றவர்களுடைய அழுக்கையே துவைத்துக்கொண்டிருந்தவளுக்கு, தனக்கென்று இருந்தது அந்த ஒரு பக்கம்தான். அதைப் பிடுங்கினால் தான் வெறும் ஆளாகிவிடுவோம் என்று அவளுக்குப் பயம். அந்தப் பயம் இணைப்பின் ஆசிரியருக்கும் நன்றாகவே தெரியும்.

திங்கட்கிழமை அவள் உள்ளே நுழையும்போதே வரவேற்பு மேஜையில் இருந்த பெண், ஒரு கையில் போனும் மறு கையில் நெற்றியுமாக இருந்தாள். “அக்கா, காலைலேருந்து ஓயல. எல்லாம் உங்க கல்லுதான். அடுத்த ஞாயிறு இதழப் பாருங்கன்னு மட்டும் சொல்லச் சொல்லியிருக்காரு ஆசிரியர்.”

ஆசிரியர் கெட்ட மனிதர் இல்லை. அவள் மகளுக்குக் காய்ச்சல் வந்தபோது தானே வண்டியெடுத்து வந்தவர். ஆனால் முதலாளி பாராட்டிய நாளில் அவரிடம் யாரும் நியாயம் பேச முடியாது. இன்றைக்கு முதலாளி பாராட்டியிருந்தார்.

“இணையத்துல பிச்சுக்கிட்டுப் போகுதும்மா. இதுவரைக்கும் உங்க பக்கத்த இவ்வளவு பேரு படிச்சதே இல்ல. உக்காருங்க. அடுத்த வாரம் ரெண்டாம் பகுதி. எங்கெங்க விழலாம், ஒரு வரைபடம் போட்டு.”

“விழாது சார்.”

“விழாதுன்னு ஒரு பக்கம் எழுத முடியுமா?”

“நிலா ஏன் விழலன்னு எழுதியிருக்கேன். பூமி ஏன் சூரியனுக்குள்ள விழலன்னு எழுதியிருக்கேன். இத்தன வருஷமா விழாததப் பத்தித்தான் சார் எழுதிக்கிட்டிருக்கேன்.”

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. வெட்டிய பத்தியும் விட்டுப்போன சொல்லும் திரும்ப வர வேண்டும், அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், இணையத்தில் இப்போதே என்றாள். அவர் மென்று விழுங்கினார். உள்பக்கத்தில் அடியில் ஒரு சின்னத் திருத்தம் போடலாம் என்றார். எல்லாம் இட நெருக்கடியில் நடந்தது, யாரும் வேண்டுமென்று செய்யவில்லை, அதுவுமில்லாமல் தலைப்பில் கேள்விக்குறி போட்டிருக்கிறதே, நாம் எதையும் அடித்துச் சொல்லவில்லையே என்றார்.

“அப்ப அடுத்த வாரம் ‘ஆசிரியர் திருடனா?’ன்னு கேள்விக்குறி போட்டு எழுதட்டுமா சார்?”

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே உறைத்தது. ஆசிரியரின் கண்ணாடி அறைக்கு வெளியே தட்டச்சுச் சத்தம் நின்றது. ஆசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

“இந்தப் பக்கத்தத் தூக்கச் சொல்லி முதலாளி எத்தன தடவ சொன்னாரு தெரியுமா? நாந்தான் ஒத்தக் கால்ல நின்னேன். ரெண்டாம் பகுதி எழுதலன்னா பக்கம் இல்ல. யோசிச்சுச் சொல்லுங்க.”

அவள் யோசிக்கத்தான் நினைத்தாள். வெளியே வந்து தன் மேஜைக்குப் போகிற வழியில், வரவேற்புப் பெண் போனில் சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது. “அழாதீங்கம்மா. பள்ளிக்கூடத்துக்கு அனுப்புறதும் அனுப்பாததும் உங்க இஷ்டம்... எனக்குத் தெரியாதும்மா. அடுத்த ஞாயிறு இதழப் பாருங்க.”

அந்தத் ‘தெரியாது’ அவளுக்குப் பொறுக்கவில்லை. கோபம் என்று சொன்னால் போதாது. உடம்பெல்லாம் எரிந்தது. தெரியாது என்பது எவ்வளவு பெரிய சொல்! தலைமுறை தலைமுறையாகக் குளிரில் கண்விழித்துப் பார்த்து, கணக்குப் போட்டு, அழித்து, மறுபடி போட்டு, கடைசியில் இதற்கு மேல் இன்னும் தெரியவில்லை என்று நேர்மையாகச் சொல்வதற்காக வைத்திருக்கிற சொல். அதைப் போய் இப்படிப் பூச்சாண்டி காட்டவா எடுப்பது?

பெண்ணின் கையிலிருந்து போனை வாங்கினாள்.

“அம்மா, நான்தான் அந்தக் கட்டுரையை எழுதினவ. அழாதீங்க. அது விழாது. பூமிகிட்டயே வராது. அதோட பாதை நல்லாவே தெரியும். கண்ணுக்குத் தெரியாதுன்னு எழுதினேன், கண்ண வெட்டிட்டாங்க. பத்திரிகைல வந்தது தப்பு. புள்ளைய பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்க.”

வைத்ததும் மறுபடி அடித்தது. மறுபடி சொன்னாள். ஒருவர் உணவுப் பொருட்களை வாங்கி அடுக்கிவிட்டாராம். ஒருவர் தன் பெயர் பத்திரிகையில் வருமா என்று கேட்டார். ஒரு பெரியவர், நீ யாரம்மா இதைச் சொல்ல, எழுதினவங்க தெரியாதுன்னு சொல்லிட்டாங்களே என்று சண்டைக்கு வந்தார். “எழுதினவளே நான்தான்யா” என்று அவள் போட்ட சத்தத்தில் விளம்பரப் பிரிவிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். வரவேற்புப் பெண் எழுந்து தன் நாற்காலியை அவள் பக்கம் தள்ளினாள்.

ஆசிரியர் வந்து எதிரில் நின்றார். “போன வைங்க.”

அவள் அடுத்த ஆளிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

“பக்கம் போயிடும்மா. பதினொரு வருஷம். உங்களுக்குப் புரியுதா?”

“புரியுது சார்” என்றாள் அவரிடம். “இல்லைங்க, உங்ககிட்ட இல்ல, நீங்க சொல்லுங்க” என்றாள் போனில். போகட்டும் என்று மனது சொன்னது. அது அவ்வளவு சுலபமாகச் சொல்லும் என்று அவளே எதிர்பார்க்கவில்லை. கண்ணில் நீர் வந்ததைத் துடைக்கவும் இல்லை.

ஆசிரியர் குனிந்து சுவரிலிருந்து ஒயரைப் பிடுங்கினார். பேச்சு பாதியில் அறுந்தது. அவர் ஒயர் நுனியைக் கையில் வைத்துக்கொண்டு, அடுத்து அதை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார்.

சற்று நேரத்தில், வரவேற்பில் யாரும் எடுக்காத அழைப்பு எங்கே போகுமோ அங்கே மணி அடித்தது. கண்ணாடி அறைக்குள், ஆசிரியரின் மேஜைமேல், அவர் கழற்றி வைத்த மூக்குக்கண்ணாடிக்குப் பக்கத்தில்.

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் அசையவில்லை. அவள் எழுந்தாள், புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள், மேஜைகளுக்கு நடுவே நடந்து கண்ணாடிக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். கதவு அவளுக்குப் பின்னால் மெல்ல ஆடி மூடிக்கொண்டது. உள்ளே அவள் போனை எடுப்பதும், உதடு அசைவதும், ஒரு கையை உயர்த்தி, எங்கோ வெகு தூரத்தில் ஒன்று வளைந்து விலகிப் போவதைப் போனில் இருப்பவருக்குக் காட்டுவதும் வெளியே எல்லோருக்கும் தெரிந்தது.